வெறும் வயிறு என்று சொன்னேன்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கதையைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் டாக்டர், இல்லாத புற்றுநோயை இருக்கிறது என்று சொல்லி ஒரு குடும்பத்தையே கதிகலங்க வைத்தாராம். கடைசியில் பார்த்தால் வெறும் பித்தக்கல்லாம். இதை எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று என்னிடமே சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அந்தக் குடும்பம் என்னுடையது. அந்த டாக்டர் பேரில் ஒரு தவறும் கிடையாது. நடந்ததை நானே எழுதி வைத்துவிடுகிறேன். இனி யாராவது வந்து ஆரம்பித்தால் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். எனக்கும் தொண்டை மிச்சம்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒலி என் பாடம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. வந்த வினையில் பாதி அதனால் வந்தது.

வலி வலது விலாவுக்குக் கீழே தொடங்கும். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் யாரோ உள்ளேயிருந்து திருகுவதுபோல் இருக்கும்; முதுகுக்கு ஏறி, தோள்பட்டையில் போய் உட்காரும். வாயு என்று முடிவு செய்தேன். சீரகத் தண்ணீர், இஞ்சி, ஓமம் என்று வீட்டிலேயே வைத்தியம் நடந்தது. என் மனைவி பகவதி, நீங்கள் வாத்தியாரா டாக்டரா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எடை குறைந்து சட்டைக் கழுத்து தொளதொளத்த பிறகுதான் தக்கலையில் எங்கள் வழக்கமான டாக்டரிடம் போனேன். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, நாகர்கோவிலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது. ஸ்கேனுக்கு முன் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீர் கழிக்காமல் வர வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நிறைவேற்றிவிடும்.

அன்றைக்கே பகவதியின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபம் வில்லுக்குறியில், நாகர்கோவில் போகிற வழியில். முகம் காட்டிவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று திட்டம். பகவதி உள்ளே பெண்வீட்டாரோடு போய்விட்டாள். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பந்திக்கதவு திறந்தது. எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியைப் பற்றி அறியாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. கதவு திறந்ததும் வருகிற அந்த வாசனையில் பெரிய பெரிய அதிகாரிகளே ஓடிப்போய் இடம் பிடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பகவதியின் தம்பி தாணு என் கையைப் பிடித்து இழுத்தான்.

"அத்தான், சோறு திங்காண்டாம். ஒரு கரண்டி பிரதமன் குடிச்சா ஸ்கேன் மெசினு கோவிச்சுக்கிடுமா?"

இந்த இடத்தில்தான் என் படிப்பு குறுக்கே வந்தது. ஸ்கேன் என்பது ஒலி. ஒலிக்கு எதிரி காற்று, திரவம் நண்பன். அதனால்தானே நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள்? பாயசம் திரவம். சோறு, அப்பளம், கூட்டு ஒன்றும் தொடாமல் பாயசத்தை மட்டும் குடித்தால் ஒலி அதன் வழியே தாராளமாகப் போகும். இப்படி ஒரு தேற்றத்தை நிரூபித்துவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தேன். அடைப் பிரதமன் வந்தது, தேங்காய்ப்பால் திக்காக ஊற்றிய வெல்லப் பாயசம். பிறகு பால் பாயசம். பால் பாயசத்துக்குப் போளி இல்லாமல் எங்கள் பக்கம் யாரும் குடிப்பதில்லை. போளி திரவமல்ல என்பது எனக்குத் தெரியும். இரண்டு சாப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். தண்ணீர் குடித்து முட்டிக்கொண்டு நிற்கிற ஒரு கிழவனை, புராஸ்டேட் கோளாறு உள்ளவனை, பிளாஸ்டிக் நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார வைப்பது என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எதிரே டிவியில் ஒரு சீரியல் ஓடியது. அதில் ஒரு பெண் அழுதுகொண்டே தண்ணீர் ஊற்றினாள். நான் எழுந்து எழுந்து கவுண்டரில் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொரு தடவையும், அடுத்தது நீங்கதான் சார் என்றாள். அடுத்ததாக வேறு யாராவது போனார்கள்.

அப்போது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. பகவதியின் வயிறு. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவள் வயிறு ஏன் இப்படிக் கத்துகிறது என்று கேட்டேன்.

"நீங்க பட்டினி கிடக்கும்போ நான் மட்டும் பந்தில போய் இருக்கதுக்கு எனக்கு என்ன வெக்கம் இல்லையா?" என்றாள். "பச்சத் தண்ணி குடிச்சேன். அது போரும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பாள், திரும்பிப் போயிருப்போம், மறுநாள் வந்திருப்போம். சொல்லவில்லை.

ஸ்கேன் அறையில் ஷைனி டாக்டர் என்ற இளம்பெண் இருந்தார். என் மகன் வயதிருக்கும். படுக்கச் சொல்லிவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்: காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா?

ஒன்றும் இல்லை, வெறும் வயிறு என்று சொன்னேன்.

"பச்சத் தண்ணியத் தவிர ஒரு பொட்டு உள்ள போகல்ல டாக்டர்" என்று பகவதி எனக்குச் சாட்சி சொன்னாள்.

வயிற்றில் ஜெல்லைப் பிழிந்து, உள்ளங்கைக்கு அடங்கும் அந்தக் கருவியை வைத்து அழுத்தினார். எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஜெல் எதற்கென்று பகவதிக்கு விளக்க ஆரம்பித்தேன். தோலுக்கும் கருவிக்கும் நடுவில் மயிரிழை அளவு காற்று இருந்தாலும் ஒலி அநேகமாக முழுவதும் அதிலேயே மோதித் திரும்பிவிடும், உள்ளே நுழையாது. அந்தக் காற்றை விரட்டத்தான் இந்தக் கொழகொழப்பு.

படிக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன். பலர் இதை எக்ஸ்ரே மாதிரி ஏதோ கதிர் என்று நினைக்கிறார்கள். இது வெறும் எதிரொலி. கருவிக்குள் இருக்கும் படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அதிரும்; நம் காதுக்கு எட்டாத, நொடிக்குப் பல லட்சம் தடவை அதிர்கிற ஒலி. ஆனால் அது தொடர்ந்து கத்திக்கொண்டிருப்பதில்லை. மிக மிகச் சின்னதாக ஒரு தட்டு தட்டும். அப்புறம் மூச்சு விடாமல் காத்திருக்கும். தட்டிய அதே படிகம்தான் இப்போது காது. தட்டிய நேரத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல் அது கேட்டுக்கொண்டிருக்கிறது. உடம்புக்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் போகும். எதிரொலி திரும்பிவர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்து, போய்வந்த தூரத்தில் பாதியை எடுத்தால், மோதிய இடத்தின் ஆழம் கிடைக்கும். ஆழத்திலிருந்து வரவேண்டிய எதிரொலி வந்து சேர்ந்த பிறகே அடுத்த தட்டு. அவசரப்பட்டு முன்னாலேயே தட்டினால் எந்த எதிரொலி எந்தத் தட்டுக்கு உரியது என்று குழம்பிவிடும்.

தட்டு ஏன் சின்னதாக இருக்க வேண்டும்? மாணவர்களைச் சித்திரால் பக்கம் ஒரு கைவிட்ட கல்குவாரிக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். 'ஏலேய்' என்று நீட்டிக் கூப்பிட்டால் பக்கத்துப் பாறையின் எதிரொலியும் தூரத்துப் பாறையின் எதிரொலியும் ஒன்றாகக் கலந்து ஒரே இரைச்சல். ஒரு தடவை கைதட்டினால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். உடம்பிலும் அப்படித்தான். தட்டு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு அருகருகே இருப்பவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். அதிர்வெண்ணைக் கூட்டினால் இன்னும் நுணுக்கமாகத் தெரியும். ஆனால் அந்த ஒலி ஆழத்துக்குப் போகாமல் வழியிலேயே கரைந்துவிடும்.

இந்தக் கடைசி விஷயத்தை வைத்து அந்த டாக்டருக்கே அறிவுரை சொன்னேன். அதிர்வெண் கூடிய கருவியை மாற்றிப் போட்டால் படம் தெளிவாகுமே என்றேன்.

"சார் சொல்லது சரிதான்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா சாருக்கு வயிறு கொஞ்சம் முன்னால நிக்குதுல்லா. அவ்வளவு தூரம் அது போகாது. இப்பம் பேசாம மூச்சப் பிடியுங்க."

பகவதி சிரித்தாள். அதன்பிறகு அறையில் யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் அதே இடத்தில் கருவியைத் திரும்பத் திரும்ப வைத்தார். இடது பக்கம் புரளச் சொன்னார். எழுந்து உட்காரச் சொன்னார். பிறகு ஜெல்லைத் துடைக்கத் துணி கொடுத்துவிட்டு, பகவதியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். கல்லீரலுக்கு அடியில் பித்தப்பை என்று ஒரு சின்னப் பை உண்டு. வெறும் வயிற்றில் அது பித்தநீர் நிரம்பி, பலூன் மாதிரி விரிந்திருக்கும். சாப்பிட்டால், அதுவும் கொழுப்புள்ளதைச் சாப்பிட்டால், அதைச் செரிக்கப் பித்தநீரைப் பிழிந்து விட்டுவிட்டுச் சுருங்கிப்போகும். சுவரும் தடித்துத் தெரியும்.

"சார் ஒண்ணும் சாப்பிடல்ல. ஆனாலும் பை சுருங்கி, சுவரு தடிச்சு இருக்கு. எடையும் குறஞ்சிருக்கு. அதான் எனக்குச் சந்தேகம்."

ஒலிக்குப் பாயசம் நண்பன்தான். என் தேற்றத்தில் பிழையில்லை. பித்தப்பை என்று ஒன்று இருப்பதையும் அது தேங்காய்ப்பாலைக் கண்டால் என்ன செய்யும் என்பதையும் மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உலகத்தில் எனக்கு மட்டும்தான் விளங்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வெறும் வயிற்றில் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். நான் வேண்டாம் என்றேன். அதே கருவி, அதே அலை, இரண்டாவது தடவை புதிதாக என்ன தெரியப்போகிறது என்று வாதாடினேன். உண்மைக் காரணத்தை இங்கே எழுதுகிறேன்: மறுபடி பார்த்தால் பை விரிந்திருக்கும். நான் பொய் சொன்னது தெரிந்துபோகும்.

அன்று சாயங்காலமே வலி வந்து வாந்தியும் எடுத்ததால் அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். சர்ஜன் வந்தார். புற்றுநோயாகவும் இருக்கலாம் என்ற வார்த்தையை அவர்தான் முதலில் சொன்னார், அதுவும் வராந்தாவில் பகவதியிடம். பிறகு ஆரம்பித்தது ஊர்வலம். ரத்தம் எடுக்க ஒருவர், அழுத்தம் பார்க்க ஒருவர், ரத்தம் எடுத்தாயிற்றா என்று கேட்க ஒருவர். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் கொண்டுவந்து, என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, யார் யாருக்கு இதே நோய் வந்து எத்தனை நாளில் போனார்கள் என்று பேசினார்கள். தாணுவும் வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாயசத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அவனுக்குத் தெரியாது. ஆனாலும் என்னவோ உறுத்தியிருக்கிறது. போகும்போது என் காலைத் தொட்டுவிட்டுப் போனான்.

சரி, பித்தப்பை சுருங்கியது என்னால். ஆனால் வலி நிஜம்தானே, உண்மையிலேயே புற்றாக இருந்தால்? இப்படியும் ஒரு பயம் உள்ளே ஓடியது. சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் உண்மை தெரியாது. வார்டு விளக்கை அணைத்த பிறகு இதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு கிடப்பேன். தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் பகவதி, தூங்கல்லியா என்று கேட்பாள். பஞ்சுமாதிரி கஞ்சி குழைத்து, தேங்காய் வைக்காத துவையலோடு ஊட்டினாள். அவள் சாப்பிடுவதை நான் பார்க்கவில்லை. கேட்டதற்கு, மண்டைக்காட்டம்மனுக்கு நேர்ந்திருப்பதாகவும், எனக்கு ஒன்றுமில்லை என்று தெரியும்வரை ஒரு நேரம்தான் சாப்பாடு என்றும் சொன்னாள். இரண்டாவது தடவையாக என் பொய்க்கு அவள் பட்டினி கிடந்தாள்.

அடுத்து சி.டி. ஸ்கேன் என்றார் சர்ஜன். அதற்கு நரம்பில் ஒரு சாயமருந்து ஏற்ற வேண்டும். என் ரத்தத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல். சிறுநீரகம் சரியாக வடிகட்டவில்லை என்பதற்கு அடையாளம் அது. அந்தச் சாயம் அதை இன்னும் கெடுக்கலாம். வீட்டார் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று காலையில்தான் தோஹாவிலிருந்து மகன் மணிகண்டன் வந்து இறங்கியிருந்தான். விமானநிலையத்திலிருந்து நேரே வந்தவன், பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் என் காலடியில் நின்றான். நர்ஸ் காகிதத்தை நீட்டினாள். பகவதி பேனாவை வாங்கினாள்.

"மக்களே, இந்த மருந்து கிட்னிக்குக் கேடு செய்யுமா?" என்று மகளிடம் கேட்பதுபோல் நர்ஸிடம் கேட்டாள்.

"செய்யலாம் அம்மா. வேற வழி இல்லைன்னுதான் டாக்டர் எழுதியிருக்காங்க."

வேறு வழி இருந்தது. கட்டிலில் படுத்திருந்தது.

"போடாதே" என்றேன். "நான் அன்னைக்குச் சாப்பிட்டேன்."

பகவதி நிமிர்ந்தாள். "என்னத்த?"

"பாயசம். கல்யாண வீட்டுல. தாணு கூட."

"போளி உண்டும்லா?"

"உண்டு."

"எத்தன?"

"ரெண்டு."

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. பகவதி பேனாவை மூடி அவள் கையில் கொடுத்தாள். மணிகண்டன் பெட்டியை இப்போதுதான் கீழே வைத்தான்.

"எப்பா, லீவு கேக்கும்போ மேனேஜர்ட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்கப்பாவுக்கு கேன்சர்னு சொன்னேன். அந்த வார்த்தைய என் வாயால சொன்னேன்."

டாக்டரிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன்.

"நீங்க சொல்லாண்டாம்" என்றாள் பகவதி. "நீங்க போனா ஒரு பாடம் எடுப்பிய. நான் சொல்லுகேன்."

போய்ச் சொன்னாள். மறுநாள் காலை, நிஜமான வெறும் வயிற்றோடு, மறுபடியும் அதே கட்டிலில் படுத்தேன். ஷைனி டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எங்க அப்பாவுக்கும் சார் வயசுதான்" என்றார். "வீட்டுக்குப் போயும் அந்தப் படத்தத்தான் நினச்சுக்கிட்டு இருந்தேன். நான் பாத்ததுல என்ன தப்புன்னு யோசிச்சு யோசிச்சு…" முடிக்காமல் ஜெல்லைப் பிழிந்தார்.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. திரையை எனக்குத் தெரியும்படி அவரே திருப்பி வைத்தார். பித்தப்பை கறுப்பாக, வழவழப்பாக, ஒரு கத்தரிக்காய்போல விரிந்திருந்தது. உள்ளே திரவம் இருந்தால் எதிரொலி இராது, அதனால் கறுப்பு. சுவர் மெல்லிய கோடு. அடியில், பை சுருங்கியிருந்தபோது தெரியாமல்போன சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கரிய பட்டை. கல் ஒலியைத் தடுத்துவிடும், அதற்குப் பின்னால் ஒன்றும் போய்ச்சேராது, அதுதான் நிழல். என்னைப் புரளச் சொன்னார். புள்ளிகளும் உருண்டன. வளர்ச்சி என்றால் சுவரோடு ஒட்டியிருக்கும், உருளாது. பகவதிக்கு இதை டாக்டரே விளக்கினார். அவள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பித்தப்பையைத் துளைவழி அறுவையில் எடுத்தார்கள். எடுத்த பையைப் பரிசோதனைக்கு அனுப்பியதில், கல்லும் பழைய அழற்சியும் தவிர ஒன்றுமில்லை என்று வந்தது. அறுவையைவிட டிஸ்சார்ஜ்தான் பெரிய பாடு. காப்பீட்டுக்காரர்கள் அனுமதி தருவதற்குள் இன்னொரு பகல் போயிற்று. போனில் இசை கேட்டுக் கேட்டு மணிகண்டனுக்கு அந்த ராகம் மனப்பாடம். அவன் திரும்பிப் போகும்வரை என்னோடு அளவாகத்தான் பேசினான். சொந்தக்காரர்களுக்கு அவன் உண்மையைச் சொல்லவில்லை. அப்பா மானம் போக வேண்டாம் என்று, ஸ்கேனில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவைத்தான். அதிலிருந்து கிளம்பியதுதான் இந்த ஊர்க்கதை. என் மானத்துக்காக அந்தப் பெண்ணின் பெயர் கெடுகிறது. அதனால்தான் இத்தனையும்.

போன வாரம் மறுபரிசோதனைக்குப் போனோம். அதே அறை. ஷைனி டாக்டர் என் வயிற்றில் ஜெல்லை வைத்துவிட்டு, என்னைத் தாண்டிப் பகவதியைப் பார்த்தார்.

"அம்மா, சார் ஏதாவது சாப்பிட்டாங்களா?"

"இல்ல டாக்டர். நான் கூடவே இருந்தேன்."

எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். வெளியே வந்து வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்தோம். பகவதி பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் என்னை வாசலில் நிறுத்திவிட்டுப் போனபோது வாங்கியிருக்கிறாள். மஞ்சளாக, நெய் மினுங்க, இரண்டு போளி. நான் கை நீட்டினேன்.

"ஒங்களுக்குக் கொழுப்பு ஆகாதுன்னுல்லா சொல்லியிருக்கு" என்றாள்.

ஒன்றை மெதுவாக மடித்துச் சாப்பிட்டாள். பிறகு இரண்டாவதையும் சாப்பிட்டாள். நான் அவள் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இலையை மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வாருங்க போவோம் என்றாள்.